பூவாச் செடியும் திணைமயக்கமும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் பூவைப் பற்றிப் பேசுவது புதுமையன்று. பூவைப் பாடாத கவிஞர் தமிழில் இலர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை ஒருசேர அடுக்கிக் காட்டினார். நனை, அரும்பு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி தமிழ். ஆயினும், அரும்பே கட்டாமல் இலையோடு நின்றுவிடும் செடியைப் பற்றிய பேச்சு இலக்கிய மேடைகளில் மிகக் குறைவு. இவ்வுரை அத்தகைய செடி ஒன்றைப் பற்றியது.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில், வாசலில் நான்கு தொட்டிகள் வைக்க இடமுள்ள வீடுகளில், அவ்வப்போது ஒரு விருந்தாளிச் செடியைக் காணலாம். கோடை விடுமுறையில் உதகைக்கோ கோடைக்கானலுக்கோ சென்று திரும்புவோர் மடியில் வைத்துக் கொண்டுவரும் ஹைட்ராஞ்சியா அது. மலையூர்களில் வேலியோரத்திலும் பழைய பங்களாக்களின் முகப்பிலும் அது பெரிய பெரிய உருண்டைக் கொத்துகளாக, நீலமும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும். கண்டவர் மயங்குவர், மயங்கியவர் வாங்குவர். வீடு வந்து சேர்ந்த செடியில் இருந்த கொத்து சில நாள்களில் நிறம் மங்கி உலரும். பின்னர்ப் புதிய இலைகள் துளிர்க்கும். செடி பிழைத்துக்கொண்டது என்று வீட்டார் மகிழ்வர். ஆனால் அடுத்த ஆண்டு பூ வாராது. அதற்கடுத்த ஆண்டும் வாராது.

அதன்பின் நிகழ்வன பெரும்பாலும் ஒரே முறையில் நிகழ்கின்றன. முதலில் நீரை மிகுதியாக ஊற்றுகின்றனர். அடுத்து உரம் இடுகின்றனர். பின்னர் யாரேனும் சொல்லக் கேட்டுக் கிளைகளை ஒட்ட வெட்டுகின்றனர். இறுதியில் செடியின் மீது சினம் பிறக்கிறது. அது தொட்டியிலிருந்து பிடுங்கப்பட்டு மதிலுக்கு வெளியே எறியப்படுகிறது. பூக்காமை செடியின் குற்றமாகவே கருதப்படுகிறது. அது குற்றந்தானா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

செடியின் பிறப்பும் பெயரும்

ஹைட்ராஞ்சியா என்னும் பெயர் கிரேக்க மொழியில் நீரையும் கலத்தையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை. அதன் விதையுறை சிறு குடம்போல இருப்பதால் அப்பெயர் அமைந்தது. நீர்வேட்கை மிக்க செடி ஆதலின் பெயர் இருவகையாலும் பொருந்துகிறது. பெரிய இலையும் உருண்டைக் கொத்தும் உடைய வகையின் தாயகம் சப்பான். அங்கே அதனை அஜிசாய் என்பர். சூன் மாதத்து மழைப்பருவத்தின் அடையாளமாகச் சப்பானியக் கவிஞர் அதனைப் பாடுவர். தமிழ்க் கவிஞர்க்குக் கார்காலமும் முல்லையும் எத்தகைய இணையோ, சப்பானியர்க்கு மழைப்பருவமும் அஜிசாயும் அத்தகைய இணை எனலாம்.

கொத்தில் இதழ்போலத் தோன்றுவன உண்மையில் இதழ்கள் அல்ல. அவை புல்லிகள், அரும்பைப் பொதிந்து காக்கும் பச்சை உறைக்கு உரிய உறுப்புகள் இங்கே நிறம் ஏறி விரிந்து நிற்கின்றன. உண்மைப் பூ இடையே மணியளவில் ஒளிந்திருக்கும். நிறமும் செடிக்கே உரியதன்று. அது மண்ணைப் பொறுத்தது. அமில மண்ணில் அலுமினியம் நீரில் கரைந்து வேரின் வழியாக ஏறுவதால் கொத்து நீலமாகிறது. காரத் தன்மையுள்ள மண்ணில் அலுமினியம் கரையாமல் நின்றுவிடுவதால் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. நீலகிரியின் அமில மண்ணில் நீலம் செழிப்பதன் காரணம் இதுவே. வெள்ளை வகை மட்டும் இம்மாற்றத்துக்கு ஆளாவதில்லை. ஆக, தான் நிற்கும் மண்ணைத் தன் நிறத்தாலேயே அறிவிக்கும் செடி இது. நிறத்தையே மண்ணிடம் கேட்டுப் பெறும் செடி, பூப்பதற்கும் இடத்தையும் காலத்தையும் கேட்பதில் வியப்பில்லை.

பழைய தண்டும் புதிய தண்டும்

இச்செடி அதற்கு ஏற்ற குளிர்நாடுகளிலும் சில வேளை பூக்க மறுப்பதுண்டு. அங்குள்ள தோட்டக்காரர் கூறும் காரணங்கள் நான்கு. முதலாவது, தவறான காலத்து வெட்டு. ஹைட்ராஞ்சியாவின் பெருவழக்கான வகைகள் சென்ற ஆண்டு வளர்ந்த தண்டிலேயே பூக்கும். கோடை கழிந்து குளிர் தொடங்கும்போது தண்டின் நுனியில் அடுத்த ஆண்டுக்கான மொட்டு கண்ணுக்குத் தெரியாமல் கருக்கொள்கிறது. அதன்பின் செடியை அழகுபடுத்த எண்ணிக் கத்தரிப்பவர் இலையுதிர்ந்த வெறுங்குச்சியை வெட்டுவதாக நினைத்து வரும் ஆண்டின் பூவையே வெட்டிவிடுகிறார். பூத்து முடிந்தவுடன் வெட்டுவதே முறை.

இரண்டாவது, மிகுதியான தழைச்சத்து. நைட்ரசன் மிகுந்த உரம் இலையை வளர்க்கும், பூவைத் தள்ளிப்போடும். மூன்றாவது, முழுநிழல். காலைவெயில் சில மணிநேரமேனும் படாத செடி தழைத்து நிற்குமே ஒழிய மொட்டுக் கட்டாது. நான்காவது, காலந்தாழ்ந்த உறைபனி. அது கருவுற்ற மொட்டை எரித்துவிடும்.

இந்நான்கினுள் முதல் மூன்றும் மனிதர் செய்வன. முதலிரண்டும் அன்பினாலேயே செய்யப்படுவன. செடியின்மேல் அக்கறையில்லாத வீட்டில் உரமும் இல்லை, கத்தரியும் இல்லை. அக்கறை உள்ள வீட்டிலேயே இவ்விரண்டும் செடிக்குத் தடையாகின்றன.

அம்பத்தூரில் நேர்வது

அம்பத்தூருக்கு வந்த செடியின் நிலை இதனினும் கடினமானது. இங்கே உறைபனி இல்லை என்பது உண்மை. ஆனால் மொட்டு கருக்கொள்ளத் தேவையான குளிரும் இல்லை. இச்செடியின் நுனி, இலை தரும் நுனியாக இருப்பதை விட்டுப் பூ தரும் நுனியாக மாற வேண்டுமாயின், ஏறத்தாழ ஆறு வாரமேனும் தொடர்ந்து 18 பாகை செல்சியஸ் அளவுக்குக் கீழான குளிர்ச்சி வேண்டும். உதகை 2,200 மீட்டருக்கு மேலும் கோடைக்கானல் 2,100 மீட்டர் அளவிலும் அமைந்த ஊர்கள். அங்கே அக்குளிர் இயல்பாகக் கிடைக்கிறது. சென்னையிலோ மார்கழி, தை மாதங்களில்கூடச் சராசரி இரவு வெப்பம் 20 பாகைக்கு மேலேயே நிற்கிறது. பகல் 30 பாகையை ஒட்டிச் செல்கிறது. செடி காத்திருக்கும் செய்தி வருவதே இல்லை. செய்தி வாராத இடத்தில் விடையை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

கடைகளில் பூவோடு விற்கப்படும் தொட்டிகளைச் சுட்டி, அவை மட்டும் எவ்வாறு பூத்தன என்று கேட்கலாம். அவை குளிர்ந்த இடத்தில் மொட்டுக் கட்டிய பின்னர் இறக்கிக் கொண்டுவரப்பட்டவை. அந்தப் பூ மலையில் எழுதப்பட்டுச் சென்னையில் படிக்கப்பட்ட கடிதம் போன்றது. அடுத்த கடிதத்தை எழுதச் செடி மீண்டும் மலைக்குப் போக வேண்டும்.

நீரும் ஒரு தடை. புறநகரின் பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினத்தன்மை உடையது. அதனை நாள்தோறும் பெறும் தொட்டிமண் மெல்லக் காரமாகிறது. கார மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க இயலாது. ஆகவே இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அதனைப் பசி என்று எண்ணி வீட்டார் மேலும் உரம் இடுவர். செடியின் நோய் ஒன்று. தரப்படும் மருந்து வேறு.

தொல்காப்பியரின் விதி

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தவர் தொல்காப்பியர். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியன கருப்பொருள். காதலரின் ஒழுக்கம் உரிப்பொருள். முதற்பொருள் இன்றிக் கருப்பொருள் தோன்றாது என்பது இவ்வரிசையிலேயே அடங்கிய கருத்து. குறிஞ்சிக்கு மலை, கூதிரும் முன்பனியும், நள்ளிரவு. முல்லைக்குக் காடு, கார்காலம், மாலை. பூவின் பெயரே நிலத்துக்கும் ஒழுக்கத்துக்கும் பெயராயிற்று. பூவைச் சொன்னால் இடமும் காலமும் உடன் வரும் என்ற துணிவிலேயே அகப்பாடல்கள் எழுந்தன.

குறுந்தொகையில் இத்துணிவு ஒரு சுவையான வழக்காக மாறுகிறது. கார்காலத்தில் திரும்புவேன் என்று கூறிச் சென்ற தலைவன் வரவில்லை. ஆனால் கொன்றை பூத்துவிட்டது. வருந்தும் தலைவியிடம் தோழி, கொன்றைதான் அறியாமையுடையது, பருவமல்லாத மழையைக் காரென்று மயங்கிப் பூத்துவிட்டது என்கிறாள். மற்றொரு பாடலில் தலைவியே, கொன்றை பூத்துக் காரென்று கூறினும் நம்பேன், அவர் பொய் கூறார் என்கிறாள். தோழியின் கூற்று ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டது ஆயினும் அதனுள் ஓர் இயற்கை உண்மை இருக்கிறது. மரம் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. மழையையும் வெப்பத்தையும் ஒளியையும் பார்க்கிறது. குறி வந்தால் பூக்கும், வாராவிடில் காத்திருக்கும். கொன்றையின் அவசரமும் ஹைட்ராஞ்சியாவின் தயக்கமும் ஒரே இயல்பின் இரு முகங்கள்.

இனி, நிலம் மாறி வந்த பூவுக்கு என்ன விதி? தொல்காப்பியர் அதற்கும் இடம் வைத்துள்ளார். ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் தமக்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வாராமல் வேறொரு நிலத்தில் வருமாயின், அவற்றை வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ள வேண்டும் என்பது அகத்திணையியல் நூற்பா ஒன்றின் கருத்து. திணைமயக்கத்துக்கு அவர் தரும் இசைவுகளுள் இதுவும் ஒன்று. வந்தவரை வந்த இடத்தவராகவே ஏற்கும் பெருந்தன்மை இவ்விதியில் உண்டு.

ஆயின் இவ்விதி செய்யுளுக்கு வகுத்தது. செய்யுளில் நெய்தற்பூவை முல்லை நிலத்தில் மலர்த்தப் புலவனின் ஒரு சொல் போதும். தொட்டியில் வளரும் செடி அச்சொல்லைக் கேளாது. அது வந்த நிலத்துக்கு உரியதாக மாறுவது உண்மை. ஆனால் வந்த நிலம் எதைத் தர இயலுமோ அதையே அது தரும். அம்பத்தூர் மண்ணும் வெயிலும் ஹைட்ராஞ்சியாவுக்குத் தரக்கூடியது அகன்ற பச்சை இலை. அவ்விலையே அச்செடி இங்கு காட்டும் பயன்.

உதைத்தால் பூக்கும் மரம்

பூக்காத மரத்தைப் பூக்கச் செய்யும் முயற்சி இலக்கியத்துக்குப் புதிதன்று. மகளிர் செயலால் மலரும் மரங்கள் என ஒரு வரிசையே வழங்குகிறது. மகளிர் உதைக்க அசோகு பூக்கும். நகைக்க முல்லை பூக்கும். சுவைக்க மகிழ் பூக்கும் என்பர். வடமொழியார் இதனைத் தோகதம் என்பர். கருவுற்றாளின் மசக்கை விருப்பத்தையும் அச்சொல் குறிக்கும். மரத்துக்கும் ஒரு விருப்பம் உண்டு, அது நிறைவேறினாலன்றிப் பூவாது என்பது இக்கற்பனையின் அடிப்படை.

காளிதாசனின் மாளவிகாக்கினிமித்திரம் இக்கற்பனையின்மேல் கட்டப்பட்ட நாடகம் எனலாம். அரண்மனைச் சோலையில் ஓர் அசோகு பூக்க மறுக்கிறது. அதனை உதைக்க வேண்டிய அரசி தாரிணி ஊஞ்சலிலிருந்து விழுந்து காலில் அடிபட்டிருக்கிறாள். ஆகவே பணிப்பெண்ணாக இருக்கும் மாளவிகை காலில் செம்பஞ்சுக் குழம்பும் சிலம்பும் அணிந்து சென்று மரத்தை உதைக்கிறாள். ஐந்து இரவுக்குள் பூத்தால் அவள் விருப்பத்தை நிறைவேற்றுவதாக அரசி வாக்களித்திருக்கிறாள். மரம் பூக்கிறது, மாளவிகையின் வாழ்வும் மலர்கிறது.

இதில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உதையானாலும் சிரிப்பானாலும், மரத்துக்கு மரம் வேண்டுவது வேறு. முல்லையை உதைத்துப் பயனில்லை. அசோகின்முன் சிரித்துப் பயனில்லை. எந்த மரம் எதைக் கேட்கிறது என்று அறிந்து அதனைத் தருவதே தோகதம். கற்பனை நீங்கலாக இதில் எஞ்சுவது தோட்டக்கலையின் முதற்பாடம்.

அறிவியல் இப்பாடத்தை வேறு வழியில் உறுதி செய்தது. 1920இல் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், சில செடிகள் பகலின் நீளத்தை அளந்து பூக்கின்றன என்று காட்டினர். 1937இல் உருசிய ஆய்வாளர் சைலாகியான் சாமந்தியை வைத்து ஓர் எளிய சோதனை செய்தார். செடியின் இலைகளைக் குறும்பகலிலும் நுனியை நெடும்பகலிலும் வைத்தபோது அது பூத்தது. மாற்றி வைத்தபோது பூக்கவில்லை. ஆகவே காலத்தை அறிவது பூக்கும் நுனியன்று, இலையே. இலையிலிருந்து ஏதோ ஒரு செய்தி நுனிக்குச் செல்கிறது என்றும் அதற்கு ஃபுளோரிசன் என்றும் அவர் பெயரிட்டார். அச்செய்தி ஒரு புரதம் என்பது எழுபது ஆண்டு கழித்து, 2007இல் உறுதியாயிற்று. பூவைப் பாடும் கவிஞர் இலையையும் ஒருமுறை நன்றியோடு நோக்கலாம்.

சாமந்தியின் இவ்வியல்பு புறநகர் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்தும். சாமந்தி குறும்பகற்செடி, நீண்ட இரவு அதற்கு வேண்டும். தெருவிளக்கின் ஒளி இரவெல்லாம் படும் மதிலோரத்தில் வைத்த தொட்டி பூக்கத் தயங்கும். அதனைப் பத்தடி நகர்த்தி இருளில் வைப்பதே அதற்கு உரிய தோகதம்.

முல்லைவாயிலும் பூவிருந்தவல்லியும்

மலைச்செடிக்கு ஏங்கும் இம்மேற்குப் புறநகர், பூவின் பெயராலேயே அறியப்பட்ட நிலம் என்பதை மறத்தலாகாது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே திருமுல்லைவாயில் இருக்கிறது. படையெடுத்து வந்த தொண்டைமானின் யானையை முல்லைக்கொடிகள் காலைச் சுற்றித் தடுத்தன. மன்னன் வாளால் அவற்றை வெட்டினான். குருதி பெருகக் கண்டு திகைத்தபோது அங்கே சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது தலபுராணம். இறைவன் மாசிலாமணீசுவரர், இறைவி கொடியிடை நாயகி. பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். தொண்டைமான் முல்லையை வெட்டினான். இருவருமே முல்லையால் நினைக்கப்படுகின்றனர்.

பூவிருந்தவல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. இராமாநுசரின் காலத்தவர். இவ்வூரில் நந்தவனம் அமைத்துப் பூப்பறித்து நாள்தோறும் காஞ்சி வரதருக்குக் கொண்டு சென்றார் என்பதும், அப்பெருமானுக்கு ஆலவட்டம் வீசினார் என்பதும் வைணவ மரபு. அரங்கத்தில் காவிரிக் காற்று உண்டு, வேங்கடம் குளிர்மலை, வேள்வித்தீயில் தோன்றிய வரதருக்கே விசிறி வேண்டும் என்று அவர் காஞ்சிக்கு அனுப்பப்பட்டதாக அம்மரபு கூறும். இறைவனுக்கும்கூட இடத்தின் வெப்பதட்பம் உண்டு என்று எண்ணிய மரபு இது. அத்தொண்டர் தம் ஊர் மண்ணில் எது பூக்குமோ அதனையே பறித்துச் சென்றார்.

இந்நிலத்துக்குரிய கொடிகளும் சில வீடுகளில் பூக்க மறுக்கின்றன. அதற்குக் காரணம் தட்பவெப்பம் அன்று, பேணும் முறை. மல்லிகையும் முல்லையும் புதிய தளிரில் பூப்பவை. ஆகவே ஹைட்ராஞ்சியாவுக்குக் கேடாகும் வெட்டு இவற்றுக்கு நலமாகிறது. தமிழகத்து மலர்ச் சாகுபடியில் மல்லிகையை நவம்பர் இறுதியிலும், சாதிமல்லியைத் திசம்பர் இறுதியிலும், முல்லையைச் சனவரி இறுதியிலும் தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீட்டர் உயரம் விட்டுக் கவாத்து செய்வர். அதற்குமுன் நீர் பாய்ச்சுவதை நிறுத்துவர்; வெட்டியபின் தொழுவுரம் இட்டு நீர் விடுவர். பங்குனி, சித்திரையில் கொடி வெள்ளையாகும். வீட்டிலோ, பச்சையாக இருக்கும் கொடியை வெட்ட மனம் வாராமல் ஆண்டுக்கணக்கில் படரவிடுகின்றனர். முதிர்ந்த கொடியில் இலை மட்டும் அடர்கிறது. ஒரே கத்தரி ஒன்றுக்கு வாழ்வும் மற்றொன்றுக்கு இழப்பும் ஆகிறது.

காகிதப்பூ இதற்கும் ஒருபடி மேலானது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து இம்மண்ணுக்கே உரியதாகிவிட்ட கொடி அது. 1767இல் இரியோ நகரில் அதனைக் கண்டெடுத்து, கப்பல் தலைவர் பூகன்வில்லின் பெயரை அதற்குச் சூட்டியவர் கொமர்சோன் என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார். ஹைட்ராஞ்சியாவுக்குப் பிரெஞ்சில் வழங்கும் ஒர்த்தான்சியா என்னும் பெயரும் அவர் தந்ததே. இதிலும் பூவெனத் தோன்றுவது பூவன்று, நிறமேறிய பூவடிச்செதில். ஆனால் இரண்டின் இயல்பும் நேர்மாறானவை. நீர் குறைந்தால் ஹைட்ராஞ்சியா தலைசாயும். காகிதப்பூ அப்போதுதான் கொழிக்கும். நாள்தோறும் நீர் ஊற்றும் வீட்டில் காகிதப்பூ இலையோடு நிற்பதும், கவனிப்பாரற்ற காலிமனையில் அது தீப்பற்றியதுபோல் சிவப்பதும் பலரும் கண்ட காட்சி.

இருக்கட்டும் என்னும் மனம்

1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடித் தொழிற்சாலைகளும் எழுந்தபோது பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் இங்கு குடியேறினர். வந்தவர் தம் ஊர்ச் செடியையும் உடன் கொணர்ந்தனர். சில பிழைத்தன, சில பூத்தன, சில இலையோடு நின்றன. இன்று அத்தனிவீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகின்றன. மண்தரை சுருங்கித் தொட்டியாகிறது. இடம் குறையக் குறையப் பொறுமையும் குறைகிறது. பூக்காத செடிக்கு இங்கே இடமில்லை என்னும் எண்ணம் எளிதில் எழுகிறது.

ஹைட்ராஞ்சியாவை வைத்திருப்போர் செய்யத்தக்கன சில உண்டு. காலைவெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்தில் வைத்து, உச்சிவெயிலிலிருந்து காக்கலாம். மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றலாம். மக்கிய இலையால் மண்ணை மூடலாம். தழைச்சத்து உரத்தையும் கத்தரியையும் விலக்கலாம். இவற்றால் செடி நலமாக இருக்கும். ஆனால் இவ்வளவும் செய்தாலும் சென்னையின் வெப்பத்தில் அது மீண்டும் பூக்கும் என்று உறுதி கூறுவதற்கில்லை. பூவாது என்று எண்ணி வைத்திருப்பதே நேர்மை. பூ வேண்டுவோர் அதன் பக்கத்திலேயே ஒரு முல்லையை ஊன்றலாம். அந்த முல்லைக்குச் சொந்த ஊர் இதுவே.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலக்குறிஞ்சி 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. இடைப்பட்ட பதினோராண்டு அதனை எவரும் மலடு என்று கூறியதில்லை. 2018 ஆகத்தில் மூணாற்றில் பெருமழை பெய்து அப்பூப்பு சிதைந்தபோதும் எவரும் செடியைப் பழிக்கவில்லை. தொலைவிலுள்ள மலைச்சாரலுக்கு அளிக்கும் இப்பொறுமையை வாசலிலுள்ள தொட்டிக்கு அளிக்க மட்டும் மனம் தயங்குகிறது.

கவிஞர் நிறைந்த அவையில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விழா மலருக்குக் கவிதை கேட்டு மடல் வந்தவுடன் பூத்துவிடும் உள்ளமும் உண்டு. தனக்குரிய குளிர் வரும்வரை இலையோடு நிற்கும் உள்ளமும் உண்டு. பத்தாண்டுக் காலத்தில் இவ்வட்டத்தின் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்து, ஒரு கவிதையும் படிக்காமல், பின்வரிசையில் அமர்ந்து கேட்டுச் சென்றோர் சிலர் இருப்பர். அவர்களை எழுதச் சொல்லி வருத்தாமலும், எழுதாமைக்காக விலக்காமலும் இருக்கையை மட்டும் ஒவ்வொரு மாதமும் போட்டு வைத்திருப்பது ஓர் இலக்கிய வட்டம் செய்யத்தக்க நற்பணி. வந்த நிலத்தவராகவே அனைவரையும் கொள்ள வேண்டும் என்று தொல்காப்பியர் பூவுக்கு வகுத்தது மனிதர்க்கும் பொருந்தும்.

வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் செழிக்க வாழ்த்துகள்.